காளான் தண்ணி ஊற்றின மல்லித் தோட்டம்

வடக்குப்பட்டு
ஆவணி, 1991

அன்பு மகள் சசிரேகாவுக்கு அம்மா எழுதுறது. இங்க நானும் உங்க நைனாவும் உடம்புக்கு ஒண்ணும் இல்லாம கீறோம், அந்தக் குளிர் ஊர்ல நீயும் சுகமா இருக்கணும்னு சாமியைக் கும்பிட்டுக்கினு இருக்கேன்.

மனசுதான் சரியில்லைம்மா. நம்ம மல்லிப்பூத் தோட்டத்துல வேரழுகல் வந்திருக்குது, செடி நிக்குற நிலையிலயே வாடிப்போவுது, தூரைப் பார்த்தா வெள்ளை நூலா பூஞ்சணமும் கடுகு கடுகா உருண்டையும் ஒட்டிக்கினு கீது. நீ லீவுல வந்தப்போ மாட்டுக் கொட்டாயில வைக்கோல் பை கட்டி சிப்பிக் காளான் போட்டுக் குடுத்தியே, அந்தக் காளான் சாறு பட்டா இந்தப் பூஞ்சணம் வளராம நின்னுடுது, உங்க காலேஜுல கண்ணாடித் தட்டுல வளர்த்துப் பார்த்தேன்னு போன கடிதாசுல எழுதினியே, அதைப் படிச்சதுல இருந்து உங்க நைனா காளானை அரைச்சு வடிகட்டி செடிசெடியா ஊத்திக்கினே கீறாரு. ஒரு செடி கூட எழுந்திருக்கல. விவசாய ஆபீசர் வந்து பார்த்துட்டு, நோவு வந்த செடியைப் பிடுங்கிக் கொளுத்துங்க, தண்ணி கீழே போற வழியில எல்லாம் பரவும்னு சொன்னாரு. என் பொண்ணு படிச்சு கண்டுபிடிச்சதை விட இவருக்கு இன்னா தெரியும்னு கேட்டு உங்க நைனா அவரைத் திருப்பி அனுப்பிட்டாரு.

கீழ்க் கொல்லை பலராமன் மாமா மல்லியிலயும் ரெண்டு செடி வாடிடுச்சு. அவரு வந்து, அண்ணே, வாய்க்காலையாவது அடைச்சு விடுங்கன்னு கை கூப்பினாரு, அவருக்குக் கொல்லையை விட்டா வேற பிழைப்பு இல்லைன்னு உனக்கே தெரியும். உங்க நைனா முகத்தைத் திருப்பிக்கினாரு. நேத்து நானே போய் ஒரு செடியை இழுத்தேன், வேரோட தோல் என் கையில உரிஞ்சு வந்துச்சு. உங்க நைனா அந்தச் செடியை என் கையில இருந்து வாங்கி, அதே குழியில நட்டு மண்ணை அணைச்சு காளான் தண்ணி ஊத்தினாரு. பார்த்துக்கினு நிக்க முடியாம வூட்டுக்கு வந்துட்டேன்.

நீ நல்லதைத்தான் எழுதின, உன் மேல குறை சொல்லல. கண்ணாடித் தட்டுல நின்னது மண்ணுல நிக்காதுன்னா, முத்தின நோவுக்கு அது மருந்து இல்லைன்னா, அதை நீயே அவருக்குச் சொல்லும்மா. வேற யார் சொன்னாலும் காதுல ஏறாது. அவரு மனசு உடையும், எனக்குத் தெரியும். உடைஞ்சா நான் பக்கத்துல இருந்து பார்த்துக்கறேன்.

வேளைக்குச் சாப்பிடு, கம்பளி போடாம வெளியே போவாதே. தாயே, நீ நூறு வயசு நல்லா இருக்கணும். கடிதாசு வர நாளாகும், தந்தி குடு. செடியைப் பிடுங்குங்க நைனான்னு மட்டும் இருந்தா போதும்.

உன் அம்மா
கோவிந்தம்மா