படத்திறப்பில் எழுந்த கைதட்டல்

விருத்தாசலம்,
9.2.2025

அவையே, என் அன்பு நண்பன் கோவிந்தராசுவே,

நாற்பது ஆண்டுகள் மேடையேறி ஊர் ஊராய் முழங்கிய நாவு, இன்று உன் ஒருவனையே அவையாகக் கொண்டு முறையிடுகிறது. உன்மீது எனக்கொரு வழக்கு உண்டு.

சென்ற வாரம் சனிக்கிழமை மாலை, நீ சென்ற தொடர்வண்டி நம்மூர்ச் சந்திப்பில் நின்றது. சன்னல் வழியே ஒரு நிழற்படம் எடுத்தாய். மஞ்சள் பலகையில் ஊரின் பெயர். ஓரத்தில் உன் பெருவிரல். அதை நம் பழைய நண்பர்களின் கைப்பேசிப் புலனக் குழுவில் இட்டாய். நான்கே நிமிடத்தில் நீக்கினாய். அதற்குள் நான் பார்த்துவிட்டேன்.

அந்நேரம் நான் எங்கிருந்தேன் என்பதை அறிவாயா? நிலையத்துக்கு வெளியே, பெரியம்மாள் உணவகத்தின் வாசலில். நடந்தால் முந்நூறு அடி. ஒரு சொல் சொல்லியிருந்தால் நடைமேடைக்கு ஓடி வந்திருப்பேன். சன்னல் கம்பிக்கு இப்பாலும் அப்பாலுமாக நின்று இரண்டு நிமிடம் பேசியிருப்போம். இரண்டு நிமிடத்தில் பேசி முடிக்கத் தெரியாதவன் இவன் என்று நீ எண்ணியிருக்கலாம். அக்குற்றச்சாட்டை ஏற்கிறேன். ஆயினும் வாய்ப்பையே மறுத்தது முறையா?

தாம்பரத்தில் மகள் வீட்டுக்கு நீ குடிபெயர்ந்து இரண்டாண்டு ஆகப்போகிறது. கைப்பேசியில் அழைத்தால் எடுப்பதில்லை. ஆகவே மடல் எழுதுகிறேன். நீ கொடைக்கானல் சென்று வந்ததாக நண்பர்கள் கூறினர்; எப்படி இருந்தது? உடன் வந்தோர் யார்? இப்போதெல்லாம் பொழுதை எதில் கழிக்கிறாய்? அவையின் விளக்கத்தை எதிர்நோக்குகிறேன், விரைந்து எழுது.

என்றும் உன்,
இனியவன்


தாம்பரம்,
20.2.2025

அன்புள்ள இனியவனுக்கு,

இங்கு நலம். உன் கடிதத்தை வாசலில் வாங்கியது மகள் சிவசங்கரிதான். "யாருப்பா இந்தக் காலத்துல கவர்ல போட்டு அனுப்புறாங்க? கல்யாணப் பத்திரிகையா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். கையெழுத்தைப் பார்த்ததும் என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கொடைக்கானலுக்கு ஏழு பேர் போனோம். எல்லோரும் காலையில் பூங்காவில் நடக்கிறவர்கள். அதில் ஜெயராஜ் என்று ஒருவர், நம் திட்டக்குடிப் பக்கத்து மங்களூர்க்காரர். தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஏரியில் நானும் அவரும் ஒரே மிதிபடகு. "ஏங்க, நீங்க மிதிக்கிறீங்களா, இல்ல சும்மா கால வச்சிக்கிட்டு இருக்கீங்களா? போட்டு ஒரே எடத்துல சுத்துது பாருங்க" என்றார். நான் மிதிக்கவில்லைதான். தண்ணீரைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டேன்.

அவர்தான் என்னைப் படம் எடுக்கப் பழக்கினார். தினம் ஒன்று எடுக்க வேண்டும் என்பது கட்டளை. மொட்டை மாடியில் காயும் துணி, பூங்காவில் தூங்கும் நாய், எதையும் விடுவதில்லை. விரல் விழாமல் எடுக்கத்தான் இன்னும் கைவரவில்லை. மற்றபடி சாப்பிடுகிறேன், நடக்கிறேன், தூங்குகிறேன். ஊரில் நான் நடத்திவந்த பீங்கான் கொட்டகையை வாடகைக்கு எடுத்த மோகனப்பிரியா நன்றாக நடத்துகிறாளாம். காப்பிக் கோப்பைகள் கேரளாவுக்குப் போகின்றனவாம். கேட்கச் சந்தோஷமாக இருந்தது.

வண்டி இரண்டு நிமிடம்தான் நின்றது. சொல்லத் தோன்றவில்லை. தப்பாக எடுத்துக்கொள்ளாதே. கைப்பேசியில் எனக்குக் காது சரியாகக் கேட்பதில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
கோவிந்தராசு


விருத்தாசலம்,
2.3.2025

அன்பு நண்பனுக்கு,

விளக்கம் கிடைத்தது, வழக்கு முடியவில்லை. காது கேட்பதில்லை என்கிறாய். ஏரி நடுவில் காற்றுக்கிடையே ஜெயராஜ் சொன்னது மட்டும் எழுத்து விடாமல் கேட்டிருக்கிறது.

என் நாள் எப்படிக் கழிகிறது என்று நீ கேட்கவில்லை. ஆயினும் சொல்கிறேன். கூட்டங்களுக்கு என்னை இப்போது அழைப்பார் இல்லை. ஐந்து நிமிடத்துக்கு மேல் எவரும் பேசக் கூடாதாம். காலையில் மணிமுத்தாற்றுப் பாலம் வரை நடை. பின்னர் பெரியம்மாள் உணவகம். நேற்று பெரியம்மாள் சொன்னார்: "ஐயா, ரெண்டு இட்லிக்கு ஒரு மணி நேரம் பேசுறீங்க. பேசுங்க, வேணாங்கல. பின்னாடி ஆளு நிக்கிது, எலய எடுத்துட்டு அந்தாண்ட நின்னு பேசுங்க." அங்கிருந்தோர் சிரித்தனர், நானும் சிரித்தேன். அறைக்குத் திரும்பிக் கதவைச் சாத்தினேன். அதன்பின் படுக்கும்வரை எவரிடமும் ஒரு சொல்லும் பேசவில்லை என்பது விளக்கை அணைக்கும்போதுதான் உறைத்தது.

பழைய உரைகளைக் கைப்பேசியில் மறுபடி பேசிப் பதிந்து வருகிறேன். கேட்பாரில்லை, நானே கேட்டு, நானே திருத்தி, மீண்டும் பேசுகிறேன். மனைவி மக்கள் என்று எவரையும் தேடிக்கொள்ளாதவன் நான். எனக்கிருந்தது மேடை. மேடைக்கு எதிரே, முன்வரிசையில் நீ.

ஆகவே ஒரு முடிவு எடுத்துவிட்டேன். ஏப்ரல் ஆறாம் நாள் உனக்கு அகவை எழுபது. கடைவீதி மண்டபத்தைப் பேசிவிட்டேன். நல்லூரிலிருந்தும் பெண்ணாடத்திலிருந்தும் நம் பழைய நண்பர்கள் வருவார்கள். வாழ்த்துரை நான். மறைந்த உன் துணைவியார் கண்ணம்மாளைப் பற்றியும் பேசுவேன். அவர் படத்திறப்பில் நான் ஆற்றிய உரையை இன்றளவும் ஊரார் எடுத்துச் சொல்கின்றனர். மறுக்காமல் வா.

உன்,
இனியவன்


தாம்பரம்,
11.3.2025

இனியவா,

மண்டபத்தை வேண்டாம் என்று சொல்லிவிடு. நான் வரமாட்டேன்.

என் காது நன்றாகத்தான் கேட்கிறது. உன் குரலைத்தான் கேட்க முடியவில்லை. இதை இரண்டு வருடமாக எழுதாமல் இருந்தேன். இனி முடியாது.

கண்ணம்மாள் ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி மூன்று நாளும் மகன் ராஜ்மோகனைக் கேட்டாள். "மோகன் வரலியா? ஓசூரு என்ன அம்மாந்தூரமா? போனு பண்ணிப் பாருங்க." நான் பண்ணவில்லை. என்னோடு சண்டை போட்டுக்கொண்டு போனவன் தானாக வரட்டும் என்று வீம்பு. அவளிடம், "சொல்லிட்டேன், வந்துகிட்டே இருக்கான்" என்றேன். அவளுக்கு உடம்பு முடியவில்லை என்பதே ராஜ்மோகனுக்குத் தெரியாது. சிவசங்கரியையும் சொல்ல விடவில்லை. கண்ணம்மாள் போன அன்று இதை ஒரே ஒருவனிடம் அழுதுகொண்டு சொன்னேன். உன்னிடம்.

பதினாறாம் நாள் படத்திறப்பு. எல்லோரும் ஐந்து நிமிடம், பத்து நிமிடம் பேசினார்கள். நீ முக்கால் மணி நேரம் பேசினாய். முடிவில் குரலை உயர்த்தி, "மூன்று பகலும் மூன்று இரவும் அந்தத் தாயின் கண்கள் வாயிலையே நோக்கிக் கிடந்தன. பெற்ற மகன் வந்தானில்லை" என்றாய். கைதட்டினார்கள். படத்திறப்பில் கைதட்டி நான் பார்த்தது அன்றுதான்.

ராஜ்மோகன் நாலாவது வரிசையில் உட்கார்ந்திருந்தான். உன்னைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். நான் எழுந்து, "அவனுக்கு யாரும் சொல்லல, நான்தான் சொல்ல வுடல" என்று சொல்லியிருக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டேன். அவன் சாப்பிடாமல் போய்விட்டான். நான்தான் உன்னிடம் அப்படிச் சொல்லிவைத்தேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். அன்றிலிருந்து பேச்சு இல்லை.

என்னைக் காப்பாற்றத்தான் என் தப்பை விட்டுவிட்டுப் பேசினாய் என்று தெரியும். அதனால் உன்னைத் திட்டவும் முடியவில்லை. உன் குரலைக் கேட்டால் அந்தக் கைதட்டல் கேட்கிறது, இனியவா. நம்மூரில் வண்டி நின்றபோது கதவு வரைக்கும் வந்தேன். இறங்க முடியவில்லை.

கோவிந்தராசு


விருத்தாசலம்,
25.3.2025

கோவிந்தராசு,

மண்டபத்தை விட்டுவிட்டேன்.

உன் மடலுக்கு மறுமொழியாக நான்கு பக்கம் எழுதினேன். படித்துப் பார்த்தேன். அதுவும் ஓர் உரையாகவே இருந்தது. கிழித்துவிட்டேன்.

சிவசங்கரியை அழைத்து ராஜ்மோகனின் முகவரியைக் கேட்டேன். இருமுறை அழைப்பைத் துண்டித்தாள். மூன்றாம் முறை கொடுத்தாள். ஞாயிறன்று சேலம் வண்டியேறி, அங்கிருந்து பேருந்தில் ஓசூர் சென்றேன்.

உன் மகன் கதவைத் திறந்தான். "பேசறதுக்கு வந்தீங்களா?" என்றான். உள்ளே அழைக்கவில்லை. அழைக்க வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. வழியெல்லாம் சொற்களை அடுக்கிக்கொண்டு போயிருந்தேன். படியில் நின்றபோது அவற்றை விட்டுவிட்டேன். "ஒனக்கு யாரும் தகவல் சொல்லல, தம்பி. அது எனக்கு அன்னைக்கே தெரியும். தெரிஞ்சுதான் ஒம்மேல பழியப் போட்டுப் பேசினேன். ஒங்கப்பா என்கிட்ட அப்படிச் சொல்லவே இல்ல" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

கதவைப் பிடித்துக்கொண்டான். பிறகு, "எங்கம்மா என்னக் கேட்டாங்களா?" என்றான்.

"கேட்டாங்க."

"எத்தன தடவ?"

எதையும் பெருக்கிச் சொல்லியே பழகியவன் நான். தெரியாது என்று சொன்னேன்.

"அப்பா ஏன் எனக்குப் போன் பண்ணல?"

"அத ஒங்கப்பாதான் சொல்லணும்."

"சொல்வாரா?" என்றான். அவன் உள்ளே போய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். நான் குடித்து முடிக்கும்வரை நின்று, "எங்கப்பா நம்பர நான் அழிக்கல" என்று மட்டும் சொல்லிக் கதவைச் சாத்தினான்.

உன் துயரத்தை எடுத்து என் உரைக்கு முடிவுரை ஆக்கிக்கொண்டேன். அந்தக் கைதட்டல் ஈராண்டுகளாய் எனக்கு இனித்தது என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன். மன்னிக்கும்படி கேட்கவில்லை. நீ மன்னித்தாலும் மன்னிக்காவிட்டாலும் இங்கே நான் நடப்பேன், உண்பேன், அறைக்குத் திரும்புவேன். என் பங்கைச் சொல்லிவிட்டேன். உன் பங்கு உன்னிடம் இருக்கிறது. அதை உனக்காக வேறொருவர் பேச முடியாது; என்னால் அறவே முடியாது.

எனக்கு மறுமொழி எழுத வேண்டாம். விருத்தாசலத்தில் இறங்கவும் வேண்டாம். இம்மடலை மடித்து வைத்து, நாளைக்கு என்று நினையாதே. சிவசங்கரியைச் சொல்லச் சொல்லாதே. நாட்டைப் பற்றியோ குடும்பத்தைப் பற்றியோ முன்னுரை வேண்டாம். நான்தான் கூப்பிடவில்லை என்று சொல், அது போதும்.

எழுந்திரு. கைப்பேசியை எடு. உன் மகனை இப்போதே அழை.

இனியவன்