கிளிமூக்கு வளைவு

செவ்வாய், இரவு.

எங்கள் கொல்கத்தா ஐ.சி.யு.வில், பாலிகஞ்ச் பகுதியிலிருந்து வந்த தமிழ்ப் பெரியவர் இன்னும் வென்டிலேட்டரில்தான். திரையில் அவருடைய நுரையீரல் வளைகோடு இன்று உச்சியில் கிளிமூக்காக நீண்டிருந்தது. அழுத்தம் ஏறியும் காற்று மேற்கொண்டு போகவில்லை. நுரையீரல் அளவுக்கு மீறி உப்புகிறது. ஒவ்வொரு மூச்சுக்கும் தரும் காற்றைக் குறைத்தேன். மூக்கு மறைந்தது, வளைகோடும் சிறுத்தது.

அவர் மகள் தினமும் அந்தத் திரையை போனில் படம் எடுப்பாள். இன்று பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"நேத்து பெருசா இருந்துதே, டாக்டர் தீதி. அப்பாவைக் கைவிட்டுட்டீங்களா?"

"சின்னதா இருக்கறதுதான் இப்ப அவருக்கு நல்லது."

நம்பவில்லை. நேற்றைய படத்தை மயக்கத்தில் கிடந்தவரின் முகத்தருகே பிடித்தாள். "நேத்து இவ்ளோ மூச்சு விட்டியேப்பா. இன்னிக்கும் விடுப்பா."

அது அவர் விட்ட மூச்சே இல்லை, மெஷின் தள்ளியது.