டிரைவர் சைடு காது

ஐப்பசி 4, திங்கள்

விடியலில் இருந்து தூறல். பட்டறையில் பெயிண்ட் காயாது. லாரிக்குப் பாடி கட்டுகிறவனுக்கு மழை நாள் லீவு நாள்.

என் வீட்டுக்காரி பாப்பாத்தி நேற்றும் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்தபடியே தூங்கினாள். படுத்தால் வீடு சுற்றுகிறதாம். வலப்பக்கம் புரண்டால் கட்டிலோடு தூக்கிப் போடுகிறதாம். வேலை பார்க்கும் கோழிப்பண்ணையில் மேல்கூண்டு முட்டையை அண்ணாந்து எடுக்கப் போய், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். அதுவும் பக்கத்து வீட்டம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

இதுவரை வைத்தியம்: எலுமிச்சை, இஞ்சிச்சாறு, உப்பு மோர், மிளகாய் சுற்றிப் போட்டது. பக்கத்து வீட்டம்மா தீர்ப்பு: "பித்தமுங்க, வேறென்ன."

ஆஸ்பத்திரி என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். "எங்கம்மாளுக்கும் இப்பிடித்தானுங்க தல சுத்துச்சு. அப்பறம் கையி காலு இழுத்துக்கிட்டுப் போய்ச் சேந்துட்டாங்க. எனக்குத் தெரியாதுங்களா?"

மதியம் அடுப்படிக்குக் கூப்பிட்டு ரசம் வைக்கச் சொல்லிக்கொடுத்தாள். புளி இவ்வளவு, மிளகு இவ்வளவு. இப்போது எதற்கு என்றேன். "சும்மாதானுங்க." சும்மா இல்லை என்று எனக்குத் தெரியும். ரசம்தான் விளங்கவில்லை.

ஐப்பசி 5, செவ்வாய்

வெயில். நீ வராவிட்டால் சோறு வேண்டாம் என்று நான் உட்கார்ந்ததும் புடவை மாற்றினாள். நாமக்கல். காது மூக்கு தொண்டை டாக்டரம்மா. சின்ன வயது.

பிரஷர் சரி. கை கால் பலம் சரி. பிறகு பா.வின் தலையை வலப்பக்கம் திருப்பி, சட்டென்று மல்லாக்கப் படுக்க வைத்தார். பா. போட்ட சத்தத்தில் வெளியே இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "கண்ணைப் பாருங்க சார்," என்றார் டாக்டரம்மா. கருவிழி வெட்டி வெட்டி ஓடியது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் கண்ணை அவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை.

"பக்கவாதம் இல்லம்மா. காதுதான். உள்ளே நத்தை ஓடு மாதிரி ஒண்ணு இருக்கு, அது கேக்கறதுக்கு. அதை ஒட்டி மூணு வளைஞ்ச குழாய், அதுல தண்ணி. தலை எப்படித் திரும்புதுன்னு அந்தத் தண்ணி அசையறதை வச்சுத்தான் மூளைக்குத் தெரியும். பக்கத்துப் பையில பொடிப்பொடியா சுண்ணாம்புக் கல் இருக்கும். கொஞ்சம் உதிர்ந்து குழாய்க்குள்ள போயிடுச்சு. தலை நின்னாலும் தண்ணி நிக்காது. மூளை ஏமாந்துடும்."

எனக்குப் பளிச்சென்று புரிந்தது. மட்டம் பார்க்கிற ரசமட்டத்துக்குள் குப்பை விழுந்துவிட்டது. சேஸிஸ் நேராக நின்றாலும் குமிழி கோணல்தான் காட்டும்.

பா. கேட்டாள்: "முட்டை ஓட்டுல இருக்கற சுண்ணாம்புங்களா?" அதேதான் என்றார். "கோழிக்குத்தானுங்க கிளிஞ்சத்தூளு வெக்கறோம். எனக்கு ஆருங்க வெச்சா?" சிரிப்பு திரும்பிவிட்டது.

கல்லைக் குழாயிலிருந்து வெளியேற்ற ஒரு செய்முறை; அங்கேயே செய்தார். தலையைத் திருப்பி, படுக்க வைத்து, மறுபக்கம் திருப்பி, ஒருக்களித்து, எழுப்புவது. எனக்கும் சொல்லிக்கொடுத்தார். திரும்ப வந்தால் வீட்டிலேயே செய்யலாம். வலது காது.

நடுவில் நான் "ஆங்?" "ஆங்?" என்றதைக் கவனித்து என்னையும் சோதித்துவிட்டார். தகரம் தட்டித் தட்டி என் காதுக்குள் நுண்மயிர் போய்விட்டது. மெல்லிய சத்தம் ஏறாது. போன மயிர் முளைக்காது. பா.: "தலையிலயும் அப்பிடித்தானுங்க டாக்டர்."

ஐப்பசி 7, வியாழன்

மேகம். காலையில் மறுபடி சுற்றல். நான் இருக்கிறேன் என்று முன்னால் நின்று, தலையை வலப்பக்கம் திருப்பிப் படுக்க வைத்தேன். துளி சுற்றல் இல்லை! பெரிய டாக்டர் போல நடந்து பட்டறைக்குப் போனேன்.

சாயந்திரம் வந்தால் பழையபடி சேரில். மதியம் கண்ணயர்ந்து புரண்டிருக்கிறாள். வீடு சுற்றிவிட்டது.

"டாக்டரம்மா உங்ககிட்டத் தனியா என்ன சொன்னாங்க? மறைக்காதீங்க."

"ஒண்ணும் சொல்லல சாமி. உம்மேல சத்தியமா."

"அப்பறம் ஏனுங்க நிக்கமாட்டீங்குது? புள்ளய வரச்சொல்லுங்க. ஒருக்காப் பாத்துக்கறேன்."

மகள் இருப்பது கோயமுத்தூர். போன் எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போனேன். நம்பரை அழுத்தவில்லை. முருங்கை மரத்தடியில் நின்றேன். இவள் இல்லாமல் எனக்கு ஒரு நாள் ஓடாது. இதுவரை அவளிடம் சொன்னதில்லை.

ஐப்பசி 8, வெள்ளி

வெயில். வேலையில் மனசில்லை. டூல் பாக்ஸ் எந்தப் பக்கம் என்று கூட வேலை செய்யும் ரங்கசாமி கத்தினான். "கிளீனர் சைடு," என்றேன். சொன்ன வாயை மூடவில்லை, சுத்தியல் கீழே.

லாரிப் பட்டறையில் எவனும் இடது வலது சொல்ல மாட்டான். லாரிக்கு வலது டிரைவர் சைடு, இடது கிளீனர் சைடு. முன்னால் நிற்கிறவனுக்கு வலது, பின்னால் நிற்கிறவனுக்கு இடது. அதற்காகத்தான். நேற்று நான் நின்றது அவளுக்கு எதிரே. திருப்பியது என் வலப்பக்கம்! நல்ல காதை மெனக்கெட்டுத் திருப்பியிருக்கிறேன், மடையன்.

அரை நாள் சொல்லிவிட்டு வீட்டுக்கு. பாக்கெட்டில் அளவு போடும் சாக்பீஸ். அவள் வலக்காது மடலில் ஒரு கோடு.

"என்னங்க பண்றீங்க?"

"டிரைவர் சைடு. உன்னய லாரின்னு நெனச்சிருந்தா நேத்தே சரியாயிருக்கும்."

"இத்தன வருசமா வேற என்னன்னு நெனச்சீங்க?"

கோடு போட்ட பக்கம் திருப்பிச் சாய்த்தேன். சுற்றியது. என் கையில் நகம் பதியப் பிடித்துக்கொண்டாள். "உட்றாதீங்க, உட்றாதீங்க." கருவிழி ஓடியது, ஓடியது, மெதுவாகி நின்றது. மறுபக்கம். ஒருக்களிப்பு. எழுப்பி உட்கார வைத்தேன்.

கொஞ்சம் பொறுத்து, பயந்துகொண்டே மறுபடி சாய்த்தேன். கண் அசையவில்லை. என்னையே பார்த்தது. உதடு மட்டும் அசைந்தது. எனக்குக் கேட்கவில்லை. குனிந்து, காதை வாயருகே வைத்தேன்.

"செத்துப் போயிருவனோன்னு பயந்துட்டனுங்க."

"நானுந்தான் புள்ள."

கண்ணீர் ஓரமாக வழிந்து காதுக்குள் இறங்கப் பார்த்தது. விரலால் தடுத்தேன்.

"இப்பச் சுத்துதா?"

"இல்லீங்க. கைய எடுக்காதீங்க."

எடுக்கவில்லை. அப்படியே தூங்கிவிட்டாள். மல்லாந்து. இதை இடது கையால் எழுதுகிறேன்.