நடாத துடுப்பு

வடக்கு மினசோட்டா,
நவம்பர் 28

அன்புள்ள வெண்டலுக்கு,

ஈனோ எழுதுவது. நலமா என்று கேட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும், கேட்டதாக வைத்துக்கொள். இங்கே ஏரி ஓரமெல்லாம் உறைந்துவிட்டது. படகைக் கொட்டகையில் கவிழ்த்து வைத்தாயிற்று.

உன் நாவல் என் மகள் மாரிட்டின் பள்ளிக்கூடம் வரை வந்துவிட்டது. உயிர் பிழைக்கும் கதைகளில் தலைவனை எதிர்த்து நிற்பவர்களை ஒப்பிட்டுக் கட்டுரை எழுத வேண்டுமாம். வெண்டல் மாமா புத்தகம் என்று ஆசையாய் உன்னுடையதையும் எடுத்துக்கொண்டாள். ஒரு கதையில் எதிராளிக்குத் தலைமை வேண்டும், இன்னொன்றில் மிச்சமிருக்கும் இறைச்சி வேண்டும், உன் கதையில் வருபவன் பயத்தில் எதிர்க்கும் வெறும் கோழை, மூன்று பேரில் இவன்தான் மட்டம் என்று எழுதி எனக்கே படித்துக் காட்டினாள். பிறகு அவன் சிவப்பு ஷூ லேஸால் தொப்பியைக் கட்டும் இடம் வந்தது. ஆணியில் தொங்கிய என் தொப்பியைப் பார்த்தாள். "அப்பா, இது நீங்களா?" என்றாள். பெயரை மாற்றத் தெரிந்த உனக்கு லேஸை மாற்றத் தெரியவில்லையா?

அந்த அக்டோபரில் படகு கவிழ்ந்து, சாப்பாட்டு மூட்டை போய், மூன்று பேரும் பனியில் மாட்டினோம். அங்கேயே காத்திருக்கலாம் என்றான் நம் தலைவன் ராய்ஸ். கூடாரத்தில் என் காதைக் கடித்தது யார்? "இவன் பேச்சைக் கேட்டா செத்துருவோம்டா. நடந்தே போயிடலாம். நீ ஆரம்பி, நான் உன் பக்கம் துடுப்பை நடறேன்." காலையில் நடந்து போவோம் என்று ஆரம்பித்தேன். சம்மதிப்பவன் துடுப்பைப் பனியில் நட வேண்டும், அதுதானே நம் வழக்கம். நட்டுவிட்டு உன்னைப் பார்த்தேன். நீ நெருப்பை ஊதிக்கொண்டிருந்தாய். "இவனுக்கு எப்பவுமே அவசரம்" என்று ராய்ஸிடம் சிரித்தாய்.

மூன்றாம் நாள் மீட்பு விமானம் வந்தது. குளிரில் உறைந்து ராய்ஸுக்கு ஐந்து கால்விரல்கள் போயின. நடந்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ, ராய்ஸ் சொன்னதே சரியாகவும் இருக்கலாம். ஆனால் அந்த விரல்களின் பழியையும் கதையில் என் தலையில் கட்டிவிட்டாய். பதினெட்டு வருஷம் உனக்காக வாயைத் திறக்காமல் இருந்தேனடா. துரோகி என்று இங்கே எழுதி அடித்திருக்கிறேன். அடித்தது உனக்குத் தெரியட்டும்.

மாரிட் இன்னொன்றும் கேட்டாள். மற்றக் கதைகளில் எதிராளிக்குப் பின்னால் இரண்டு பேராவது நிற்கிறார்களாம். "இவன் மட்டும் தனியா எப்படிப்பா எழுந்து நிப்பான்? யாராவது தைரியம் குடுத்திருக்கணுமே." நான் விறகு எடுக்க வெளியே போய்விட்டேன். நான் சொன்னால் தப்பிக்கப் பார்ப்பதாக நினைப்பாள்.

டிசம்பர் பன்னிரண்டாம் தேதி அந்தக் கட்டுரையை வகுப்பில் படிக்கிறாள். புத்தகத்தைத் திருத்தச் சொல்லவில்லை. அது நன்றாக ஓடட்டும், நீயும் நன்றாக இரு. அவளுக்கு மட்டும் ஒரு வரி எழுதிப் போடு. அன்று பனியில் நின்றிருக்க வேண்டியவை இரண்டு துடுப்புகள் என்று.

இப்படிக்கு,
தினமும் தபால் பெட்டி வரை நடந்துவிட்டு வரும்
ஈனோ