ரெங்கம்மா அக்காவின் பை

செப்டம்பர் 1, திங்கள்

இன்று முழுக்க பிளவுஸுக்கு ஹூக் தைத்தேன். விரல் நுனியெல்லாம் ஊசிக் குத்து. தீபாவளி முடிந்ததும் துணி வெட்டக் கற்றுத் தருவதாக நேசராணி அக்கா சொன்னார். அவர் தையல் கடை தொடங்கியதிலிருந்து கத்திரிக்கோலை யாரிடமும் கொடுத்ததில்லையாம்.

சாயங்காலம் வழக்கம்போல ஹார்ன் சத்தம். எங்கள் ஸ்பிரிங்வெளித் தோட்டத்துக்குப் போகும் கடைசி பஸ், கடைக்குக் கீழே உள்ள வளைவில் எங்களுக்காக நிற்கும். கடைகளில் வேலை செய்கிறவர்கள், ஆஸ்பத்திரியில் கூட்டித் துடைக்கிறவர்கள் எல்லோரும் அங்கேதான் ஏறுவோம். பஸ் ஸ்டாண்டு மேட்டுக்கு யார் நடப்பது?

"ஊமச்சி வந்துட்டா, இனி பஸ்ஸ எடுக்கலாம்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார் ஆஸ்பத்திரி ரெங்கம்மா அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறென்ன செய்ய?

செப்டம்பர் 4, வியாழன்

கடைக்கு எதிர்ச் சுவரில் நகர சபையின் அறிவித்தல் ஒட்டியிருக்கிறது. நேசராணி அக்கா எனக்கும் வாசித்துக் காட்டினார். அடுத்த நாலு வருடமும் மூன்று காரியங்களைத்தான் முதலில் பார்ப்பார்களாம்: டவுன் போக்குவரத்தை ஒழுங்காக்குவது, வேலைக்கு ஆள் சேர்ப்பது, சபையின் வருமானத்தைக் கூட்டுவது.

"நல்ல விசயந்தானே விஜி. குப்ப லொறிக்கே ஆளில்லாமக் கெடக்கு. காசில்லாம அவங்களும் எங்க போவாங்க?"

எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. கடைசியில் இன்னொன்றும் இருந்தது. ஸ்டாண்டில் ஆள் ஏறாத பஸ்களை நிறுத்திவிட்டு, அந்த இடத்தில் காசு வாங்கி வாகனம் நிறுத்த விடுவார்களாம். அதற்காக ஆட்களை எண்ணப் போகிறார்கள். நம்ம பஸ்தான் நிரம்பி வழிகிறதே!

செப்டம்பர் 9, செவ்வாய்

கடை சாத்தும் நேரம் நூல் வாங்க ஸ்டாண்டுப் பக்கம் போனேன். நம் பஸ் நின்ற இடத்தில், தூணடியில் ஓர் அக்கா. பெயர் காமிலா. சபைக்குத் தற்காலிக வேலைக்கு வந்தவர். ஆள் ஏற ஏறக் கையிலிருந்த சின்ன மெஷினை அமுக்கிக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, இந்த பஸ் எந்த நாளும் இப்படி வெறுமையாத்தான் போகுமா?" என்று அவராகவே கேட்டார்.

"இல்ல... நாங்க வளைவுல ஏறுவோம்."

"ஐயோ! என்னய இந்தத் தூணடியில நிண்டு எண்ணத்தானே சொல்லியிருக்கு. ஆக்கள இங்க வரச் சொல்லுங்களேன். வாற கிழமை வெள்ளி வரைக்குந்தான் நான் நிப்பேன்."

நான் ஐந்தாவது ஆளாக ஏறினேன். அமுக்கிவிட்டுச் சிரித்தார். வளைவில் பஸ் நிரம்பியது. அங்கே யாரும் எண்ணவில்லை.

செப்டம்பர் 10, புதன்

வீட்டில் சொன்னேன். "பஸ் நின்னா வேலையும் நின்னுச்சு. வேற பஸ்ல வந்து ஜங்ஷன்லருந்து இருட்டுல நீ நடந்து வர வேணாம். தோட்டத்துல பேரு பதிஞ்சிக்கிட்டு அம்மாவோட மலைக்குக் கொழுந்து பறிக்கப் போ" என்றார் அப்பா. கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

அம்மா ரொட்டியைத் திருப்பிப் போட்டார். பத்தாம் வகுப்போடு நான் நின்ற அன்றும் இப்படித்தான் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார்.

கத்திரிக்கோலு கைக்கு வர்ற நேரம் பாத்தா இதெல்லாம் நடக்கணும்?

செப்டம்பர் 11, வியாழன்

கண்டக்டர் கிருஷ்ணராஜ் அண்ணனிடம் மட்டும் மெதுவாகச் சொன்னேன். அவர் பஸ் முழுக்கக் கேட்கக் கத்திவிட்டார். "நாளையிலருந்து எல்லாரும் ஸ்டாண்டுல வந்து ஏறுங்க! இல்லாட்டி பஸ்ஸ நிப்பாட்டிருவாங்களாம்! நம்ம ஊமச்சி சொல்லுது!"

"ஊமச்சி பேசுமா?" என்று யாரோ பின்னாலிருந்து.

"நாள் முழுக்க ஆஸ்பத்திரிப் படி தொடச்ச காலு இது" என்றார் ரெங்கம்மா அக்கா. "மேடேறணும்னா நீ வந்து தூக்கிட்டுப் போ தம்பி. கால் வைக்க எடமில்லாத பஸ்ஸ எவன் நிப்பாட்டுவான்?"

செப்டம்பர் 12, வெள்ளி

யாரும் மேட்டுக்குப் போகவில்லை. நானும் வளைவிலேயே ஏறினேன்.

செப்டம்பர் 15, திங்கள்

நானா இப்படிச் செய்தேன்?

ரெங்கம்மா அக்கா தன் பையை வளைவில் கீழே வைத்திருந்தார். மாவு, சீனி, பருப்பு. பேசலாம் என்றுதான் கிட்டப் போனேன். வாய் வரவில்லை, கை போய்விட்டது. பையைத் தூக்கிக்கொண்டு மேட்டில் நடந்தேன்.

"ஏய்! அடியேய்! எம் மாவு! புடிங்கடி அவள!"

ஓடினேன். அவர் திட்டிக்கொண்டே பின்னால். வேடிக்கை பார்க்க அவருக்குப் பின்னால் எல்லோரும். ஸ்டாண்டு வந்ததும் பையை அவர் காலடியில் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். அறை விழவில்லை.

மூச்சு வாங்க, ரெங்கம்மா அக்கா காமிலா அக்காவின் கையிலிருந்த மெஷினைப் பார்த்தார். "இதுக்குத்தானா? வாயில சொன்னா என்னடி?"

"சொன்னேனே அக்கா."

முதலில் சிரித்தது அவர்தான்.

செப்டம்பர் 16, செவ்வாய்

மறுபடியும் பையைத் தூக்கினேன். இன்று ரெங்கம்மா அக்கா கத்தவில்லை. முன்னால் நடந்து மற்றவர்களைத் திட்டினார். "வாங்கடி, காலு தேஞ்சா போயிரும்?"

செப்டம்பர் 19, வெள்ளி

காமிலா அக்காவுக்கு இன்று கடைசி நாள். "உங்கட பஸ் தப்பிரும். என்ட வேலைதான் என்னாகுமோ தெரியாது" என்றார். சபை ஆள் சேர்க்கும்போது அவரையும் சேர்க்க வேண்டும், முருகா.

அக்டோபர் 29, புதன்

மழை. நம் பஸ்ஸின் இடத்தை அப்படியே விட்டிருக்கிறார்கள். ஆனால் வளைவில் இனி எந்த பஸ்ஸும் நிற்கக் கூடாது என்று பலகை நட்டுவிட்டார்கள். எப்போதும் மேடேறித்தான் ஆக வேண்டும்.

"எல்லாம் இவளாலதான்" என்று ரெங்கம்மா அக்கா பையை என் பக்கம் நீட்டினார். "இந்தா, தூக்கு விஜி."

கத்திரிக்கோல் அழுத்தியதில் வலது கட்டைவிரல் வீங்கியிருந்தது. இடது கையால் வாங்கிக்கொண்டேன்.