நீ சொல்லிவிட்டுப் போன காலை

தங்கையே,

இன்று காலை ஏரியில் பூநாரைகள் இறங்கின. எதிர்வீட்டுப் பெண் தன் இடுப்பிலிருந்த பிள்ளைக்கு அவற்றைச் சுட்டி, "அதோ பாரு, எத்தினி கீது பாரு" என்றாள். என் அருகே நின்ற உன் மகள் பறவைகளைப் பார்க்கவில்லை. அந்தச் சொல் காதில் விழுந்த கணமே உடலை முழுவதும் திருப்பிப் படகுத் துறையை நோக்கினாள். துறையில் எவரும் இல்லை. அவளுக்கு நான்கு வயது நிறைந்துவிட்டது. நீ மறைந்து ஒன்றரை ஆண்டு ஆகிறது. ஆயினும் எவரேனும் பறவை காட்டினால் வேறெவரோ புறப்படுகிறார் என்பதை அவள் உடல் இன்னும் மறக்கவில்லை.

அதைப் பழக்கியவர்கள் நாம்தாம். நம் தீவில் நண்டுக் கூடையோடு மீஞ்சூர் சந்தைக்குச் செல்லும் தாய்மார் எவரும் பிள்ளையிடம் சொல்லிக்கொண்டு போவதில்லை. ஒருத்தி பிள்ளையை வீட்டின் பின்புறம் தூக்கிச் சென்று நாரை காட்டுவாள். அதற்குள் தாய் முன்வாசல் வழியே நழுவிப் படகேறிவிடுவாள். உன் வீட்டில் நாரை காட்டியவள் நான். ஏறத்தாழ ஓராண்டு காட்டினேன். பின்னர் ஒரு நாள், என் விரல் நீண்ட திசையை அவள் பார்க்கவே இல்லை என்பதைக் கண்டேன். என் தோளுக்கு மேலாக எட்டி, உன்னைத் தேடினாள்.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். அதன்பின் கற்றதனைத்தும் தையல் எந்திரத்தின் பக்கத்தில் நூலகப் புத்தகத்தை விரித்து வைத்து நானே கற்றது. அதில் எனக்குப் பெருமை உண்டு; அதை நான் ஒருபோதும் மறைத்ததில்லை. குழந்தை மனத்தைப் பற்றிய நூல் ஒன்று அப்போது என் கையில் இருந்தது. தொடக்கத்தில் சிசுவுக்குத் தான் வேறு, தாய் வேறு என்ற எண்ணமே கிடையாது; தாய் போவதும் வருவதுமாக இருக்கும்போதுதான், கண்ணில் படாத தாயைத் தனக்குள் வைத்துக்கொள்ளக் கற்கிறது என்று அதில் எழுதியிருந்தது. எந்நேரம் மறைவாளோ என்று அஞ்ச வேண்டிய தாயை ஒரு பிள்ளை எவ்வாறு உள்ளே வைத்துக்கொள்ளும்? அதன் கண்ணை அவள்மீதிருந்து எடுக்கவே இயலாதே.

உன் மகள் வலையின் மிதப்புக் கட்டை ஒன்றில் நைலான் நரம்பைக் கட்டி, அதைக் கட்டிலுக்கடியில் எறிவாள்; பின்பு இழுத்தெடுத்துச் சிரிப்பாள். நாள் முழுவதும் இதுவே அவள் விளையாட்டு. "அவுங்க நைனா மாரி வல வுடுது பாரு" என்று நீ மகிழ்ந்தாய். அது வலையன்று, அந்தக் கட்டை நீதான், போன உன்னை அவளே வரவழைத்துப் பார்க்கிறாள் என்று நான் சொன்னபோது, நண்டின் காலைக் கட்டிக்கொண்டிருந்த உன் கை நின்றது.

"இன்னாக்கா சொல்ற?"

"சொல்லிட்டுப் போ. மூஞ்சியப் பாத்து, சாயங்காலம் வந்துடுவேன்னு சொல்லு. அழட்டும். திட்டட்டும்."

"அந்த பொஸ்தகம் எழ்தினவரு நண்டுக் கூடைய தூக்கினு எந்தப் படகுல ஏறினாராம்? இது காலக் கட்டிக்கினா படகுக்காரன் நிப்பானா?"

நீ சிரித்தாய்; உன் கணவரும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. பத்து நாள் விடாமல் வாதிட்டேன். என் கல்வியை இந்தக் குப்பத்தில் ஒருவரேனும் மதித்து நடக்க வேண்டும் என்ற ஆசையும் அதில் கலந்திருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். இறுதியில் நீ இணங்கினாய். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து நீ எனக்கு இணங்கியவள்தானே.

அந்த வியாழக்கிழமை காலை நீ கூடையை இறக்கி வைத்துவிட்டு, மண்டியிட்டு, அவள் முகத்தை இரு கைகளிலும் ஏந்தினாய். "அம்மா மீஞ்சூருக்குப் போறேன். சாயங்காலம் வந்துடுவேன். இன்னா?" என்றாய். அவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் உன் சேலையைப் பற்றி இழுத்தாள். உன் கையைக் கடித்தாள். நீ விடுவித்துக்கொண்டு படியிறங்கியபோது, "போ. நீ வராத. வராத போ" என்று கத்தினாள். நீ கண்ணீரோடு என்னைத் திரும்பிப் பார்த்தாய். நானோ நிறைவோடு தலையசைத்தேன். கோபத்தை வாய்விட்டுச் சொல்ல முடிந்த பிள்ளை நலமான பிள்ளை. மாலையில் தாய் திரும்பி வரும்போது, தன் சினம் எவரையும் அழித்துவிடாது என்பதை அது தெரிந்துகொள்ளும். நான் படித்தது அதுதான்.

அக்கரையில் நீ ஏறிய ஷேர் ஆட்டோ பொன்னேரிச் சாலையில் கவிழ்ந்தது. மாலையில் நீ வரவில்லை.

நீ முன்போலவே நழுவிச் சென்றிருந்தால் அவளுக்கு ஒரு தாய் மட்டுமே இல்லாமற் போயிருப்பாள். நான் அவளுக்கு முறிந்த வாக்கு ஒன்றையும், நிறைவேறிவிட்ட சாபம் ஒன்றையும் சேர்த்துத் தேடிக்கொடுத்தேன்.

உன் கணவர் அவளிடம், "அம்மா சந்தைக்குப் போய்க்கீது" என்றே நான்கு மாதம் சொல்லிவந்தார். நான் தடுத்தபோது, "போதும்க்கா. நீ சொன்னதெல்லாம் போதும்" என்றார். குரலை உயர்த்தவில்லை. அன்றிலிருந்து அவர் என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. அதில் பிழை காண எனக்கு வாயில்லை.

உண்மையை நானே ஒருநாள் அவளிடம் சொன்னேன். அம்மா இறந்துவிட்டாள், வண்டி கவிழ்ந்துவிட்டது, நீ கத்தியதால் அல்ல என்று, அவளுக்கு எட்டும் சொற்களில் எடுத்துரைத்தேன். மடியில் அமர்ந்து கேட்டாள். பிறகு, "நா சொன்னதால இல்லியா?" என்றாள்.

"இல்லடி கண்ணு."

சற்று நேரம் என் வளையலைச் சுழற்றிக்கொண்டிருந்தாள். "அப்ப யார் சொன்னதால, பெரிம்மா?"

தங்கையே, எத்தனையோ நூல்களிலிருந்து எவ்வளவோ சொற்களைச் சேர்த்து வைத்திருக்கும் நான், அப்போது வாய் திறக்கவில்லை. என் மௌனத்தை அவள் தனக்குத் தெரிந்த வகையில் பொருள்படுத்திக்கொண்டாள்.

அதன் பிறகு, நூலும் லைனிங் துணியும் வாங்க நான் பொன்னேரிக்குப் புறப்படும் நாட்களில் அவள் அழுவதில்லை, காலைக் கட்டிக்கொள்வதுமில்லை. கதவின் ஓரமாகச் சென்று நின்று, இரு உள்ளங்கைகளாலும் தன் வாயை இறுகப் பொத்திக்கொள்கிறாள். கண்களில் நீர் முட்டி நிற்கும், கைகள் இறங்கா. பேசு, திட்டு, அழு என்று எத்தனையோ முறை கெஞ்சிப் பார்த்துவிட்டேன். தலையை மட்டும் அசைக்கிறாள். படகு துறையை விட்டு அகலும்போது, கதவோரத்தில் வாய் பொத்திய அந்தச் சிறு உருவத்தைப் பார்த்துக்கொண்டே செல்கிறேன்.

மாலையில் நான் திரும்பியதும் ஓடி வருகிறாள். என் முகத்தைத் தொட்டுப் பார்க்கிறாள்; கைகளைப் புரட்டிப் பார்க்கிறாள். சென்ற வாரம் என் காதருகே வந்து, தன் பெரும் திறமையைத் தெரிவிப்பவள்போல மெல்லச் சொன்னாள்: "நா ஒண்ணுமே பேசல. அதான் நீ வந்துட்ட."

நான் சுமப்பது இதைத்தான். நான் நலமாக வீடு திரும்பும் ஒவ்வொரு மாலையும், உன்னைத் திரும்பவிடாமல் செய்தது தன் சொல்தான் என்பதற்கு அவளுக்கு ஒரு சான்றாகிறது. இதை அறிந்தே ஒவ்வொரு முறையும் படகைவிட்டு இறங்குகிறேன். அறிந்தே அவளை நோக்கி நடக்கிறேன்.