மீட்டர் சரியென்று சொன்ன பம்பு

இந்த அகால நேரத்தில் எழுதுகிறேன், மன்னித்துக்கொள். பாப்பா இப்போதுதான் கண் அசந்தாள். மேசைமேல் உன் திருப்புளி கிடக்கிறது. வேறு யாரும் எடுத்துப்போகாமலிருக்க அதன் பிடியில் நீ பூசிய சிவப்பு நகப்பூச்சு பாதி உதிர்ந்துவிட்டது. உன்னை அடக்கம் செய்த அன்று, சர்ச் வாசலில், உன் அம்மா இதையும் உன் நோட்டையும் என் கையில் கொடுத்தார்.

பிரசவ விடுப்பு முடிந்து, ஏழு மாதம் கழித்து இன்று கம்பெனிக்குப் போனேன். நாம் இருவரும் பம்புகளைச் சோதித்த அதே கூடம்தான். ஒரு பம்பில் கரண்ட், அழுத்தம், தண்ணீர் எல்லாம் அளவுக்குள் இருந்தன. இருந்தும் திருப்புளியைப் பேரிங் மேல் வைத்து, பிடியில் காதை ஒட்டினேன். உள்ளே ஏதோ முனகியது. முனகியதாக எனக்குத்தான் தோன்றியதோ என்னவோ. குழாயைத் திறந்தாலே பாப்பா அழுகிறாள் என்று ஓடுகிறவள் நான். இந்தக் காதை எப்படி நம்புவது? மேலாளரிடம் சொன்னேன். "ரீடிங் பாஸ்தானுங்க மேடம்? அப்புறம் என்னங்க? காலைல பத்து மணிக்கு லோடு ஏத்தோணும்" என்றார்.

நாம் சேர்ந்த வருடமும் இப்படித்தான். நீ ஐடிஐ, நான் இன்ஜினியரிங். ஒரு பம்பைக் காட்டி, "இது இருமுது" என்றாய். நான் அட்டவணையைக் காட்டினேன். "ஏனுங் டிகிரி அம்மணி, அந்தக் காயிதத்துக்குக் காது இருக்குதுங்களா?" என்று சிரித்தாய். கோபத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். பத்தே நாளில் பல்லடத்துக்காரர் ஒருவர் அதை டெம்போவில் திருப்பிக் கொண்டுவந்தார். "தக்காளி காயுதுங்க" என்றார். இன்னும் எனக்கு அது ஆறவில்லை.

அதன்பின் நீ சொன்னதெல்லாம் எனக்கு வேதம். அடுத்த மாதம் நீ காட்டிய ஒரு பம்பைக் கழற்றினோம். பேரிங்கில் ஒரு பழுதும் இல்லை. "சளி புடிச்சுக் காது அடச்சுப்போச்சுங்க" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே நோட்டை எடுத்தாய். அன்றுதான் அதைப் பார்த்தேன். பக்கத்துக்குப் பக்கம் நடுவில் கோடு. இடப்பக்கம் நீ கேட்டது, வலப்பக்கம் கழற்றிப் பார்த்தது. தப்பாய்ப் போனவற்றைக்கூட அடிக்காமல் வைத்திருந்தாய்.

"காது கூடவே பொறக்குமா அம்மணி? கழட்டிப் பாத்துப் பாத்து வந்ததுதான்" என்றாய்.

இன்று முனகிய பம்பை லோடில் ஏற்றாமலிருக்க, அதில் சிவப்பு அட்டை கட்டிவிட்டு வந்திருக்கிறேன். காலை எட்டு மணிக்கே போய்க் கழற்ற வேண்டும். உள்ளே ஒன்றுமில்லையென்றால், 'புள்ள பெத்து வந்தவளுக்கு மண்டை கலங்கிப்போச்சு' என்பார்கள். இருந்தால், யாரோ ஒருவரின் தக்காளி பிழைக்கும். உன் கடைசி வரிக்குக் கீழே, இடப்பக்கத்தில், பென்சிலால் எழுதினேன்: 'முனகல். கேட்ட காது ஏழு மாதமாகத் தூங்கவில்லை.' வலப்பக்கம் காலியாக இருக்கிறது.

பாப்பா அழுகிறாள். மாடியில் யாராவது குழாயைத் திறந்திருக்கவும் கூடும். எதற்கும் எழுந்து போய்ப் பார்க்கிறேன்.

கடிதத்துக்குப் பதில் எழுதும் பழக்கமே உனக்குக் கிடையாது. இதற்கு மட்டும் சீக்கிரம் பதில் போடு.